கவுன்சில்ல பேர் ஏறுமான்னு முதல்ல கேளுங்க – நர்சிங் சேரப்போற பிள்ளைகளுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். அரசு வேலைக்கு வந்து 16 வருஷம், அதுக்கு முன்னாடி பிரைவேட்ல ஒரு அஞ்சு வருஷம். படிச்சது டிஜிஎன்எம், அதாவது மூணு வருஷ நர்சிங் டிப்ளமோ, அப்புறம் இடையில ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி, டிப்ளமோ முடிச்சவங்க டிகிரி வாங்குறதுக்கான படிப்பு. பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே எங்க வீட்டு வாசல்ல யாராவது பிள்ளையை கூட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க, "யக்கா நர்சிங் சேக்கலாம்னு பாக்கோம், எதுல சேக்க"ன்னு. ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகள், அதே தப்புகள். ஒருத்தர் ஒருத்தரா உக்கார வச்சு சொல்லி முடியல, அதான் உங்க பேப்பருக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்சா முழுசா போடுங்க.

போன வருஷம் பக்கத்து தெருல இருந்து ஒரு பொண்ணும் அவங்க அப்பாவும் வந்தாங்க. அவர் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவர். கைல ரெண்டு பேப்பர். ஒண்ணு, அரசு நர்சிங் ஸ்கூல்ல டிஜிஎன்எம் சீட் கிடைச்ச அலாட்மெண்ட் ஆர்டர். இன்னொண்ணு ஒரு பிரைவேட் காலேஜ்ல பிஎஸ்சி நர்சிங்குக்கு அவங்க பேனாவால எழுதிக் குடுத்த ஃபீஸ் சீட்டு, வருஷத்துக்கு 1 லட்சத்து 10 ஆயிரம், ஹாஸ்டல் தனி, யூனிஃபார்ம் தனி, அது போக "இதர" அப்படின்னு ஒரு வரி, அதுக்கு நேரா தொகை எழுதல. பொண்ணு எதுவும் பேசல. அவர்தான் கேட்டார், "டிகிரின்னா டிகிரிதானக்கா, டிப்ளமோன்னா நாளைக்கு மதிப்பு இருக்காதுன்னு காலேஜ்ல சொல்றாங்க, பேங்க்ல லோன் போட்டு சேத்துரட்டுமா"ன்னு.

நான் அவருக்கு சொன்னதைத்தான் இங்க எல்லாருக்கும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன்.

நர்சிங்னு பேர் வச்ச எல்லா படிப்பும் நர்சிங் இல்ல. நம்ம நாட்டுல ஒருத்தங்க நர்ஸ்னு சட்டப்படி சொல்லிக்கணும்னா மாநில நர்சிங் கவுன்சில்ல பேர் பதிவாகியிருக்கணும். தமிழ்நாட்டுல அது தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில், சென்னை சாந்தோம்ல இருக்கு, 1926ஆம் வருஷத்து சட்டப்படி வந்தது. புதுசா நர்சாகணும்னு வர்ற பிள்ளைக்கு அங்க பேர் ஏர்றதுக்கு இருக்குற படிப்பு மூணுதான். ரெண்டு வருஷ ஏஎன்எம், மூணு வருஷ ஜிஎன்எம் (நம்ம ஊர்ல டிஜிஎன்எம்னு சொல்லுவோம்), நாலு வருஷ பிஎஸ்சி நர்சிங். இது இல்லாம பஸ் ஸ்டாண்டு மாடில, ஜெராக்ஸ் கடை பக்கத்துல, "ஒரே வருடத்தில் டிப்ளமோ இன் நர்சிங், 10ஆம் வகுப்பு பெயில் ஆனாலும் சேரலாம், 100 சதவீதம் வேலை"ன்னு போர்டு வச்சிருக்குற எதுவும் உங்களை நர்ஸ் ஆக்காது. வெள்ளை கோட்டு போடுவாங்க, மெழுகுவர்த்தி ஏத்தி உறுதிமொழி எடுக்க வைப்பாங்க, சர்டிபிகேட்ல பெரிய முத்திரை இருக்கும், எல்லாம் இருக்கும், கவுன்சில்ல பேர் மட்டும் ஏறாது.

இதை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் பிரைவேட்ல இருந்தப்போ கூட வேலை பாத்த ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன், பேர் வேண்டாம். பத்தாவது முடிச்சிட்டு அந்த மாதிரி ஒரு வருஷ படிப்பு படிச்சவ. அவங்க அம்மா தோட்டை வித்து கட்டுன ஃபீஸ். அவ கை மாதிரி ஒரு கை நான் பாத்ததில்ல. வாந்தி பேதில வத்திப்போயி வர்ற கைக்குழந்தைக்கு வெயின் கிடைக்காது, டாக்டரே ரெண்டு தடவை குத்திப் பாத்துட்டு விட்டுருவாரு, இவ அந்த பிஞ்சு கையைப் பிடிச்சு வெளிச்சத்துல லேசா திருப்பிப் பாத்து, விரலால தடவி, ஒரே குத்துல வென்ஃப்ளான் (குளுக்கோஸ் ஏத்துற சின்னக் குழாய்) போட்டு பிளாஸ்டர் ஒட்டிட்டு குழந்தையை அவங்க அம்மா மடில குடுத்துருவா. நாங்க எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவோம். அவளுக்கு சம்பளம் எங்கள்ல பாதி. ஏன்னா பேப்பர்ல அவ நர்ஸ் இல்ல, "ஹெல்ப்பர்". ஒரு நாள் அரசு வேலைக்கு விளம்பரம் வந்துச்சு, எல்லாரும் அப்ளிகேஷன் போட்டோம், அவளும் சர்டிபிகேட் எடுத்துக்கிட்டு சந்தோஷமா வந்தா. ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எழுதுற கட்டத்துக்கு வந்து நின்னுட்டு, "சிஸ்டர் இதுல என்ன எழுதணும்"னு என்கிட்ட கேட்டா. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. இன்னைக்கும் அவ அதே மாதிரி ஒரு சின்ன ஆஸ்பத்திரிலதான் இருக்கா. கல்யாணம் ஆகி குழந்தை இருக்கு. இனிமே முறைப்படி நர்ஸ் ஆகணும்னா பிளஸ் டூல இருந்து ஆரம்பிக்கணும், அஞ்சு வருஷம் ஆகும், அவளால முடியுமா சொல்லுங்க.

அதனால எந்த இடத்துல ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இதை முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல என் பேரை பதிவு பண்ண முடியுமா?" அவங்க "சென்ட்ரல் கவர்ன்மெண்ட் அப்ரூவ்டு", "ஐஎஸ்ஓ சர்டிபிகேட் இருக்கு", "ஸ்கில் இந்தியா"ன்னு வேற என்னென்னமோ சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. ஆமான்னு சொன்னாலும் அப்படியே நம்பாம, இந்தியன் நர்சிங் கவுன்சில் வெப்சைட்லயும் நம்ம மாநில கவுன்சில் வெப்சைட்லயும் அந்த வருஷத்து அங்கீகார லிஸ்ட் இருக்கும், அதுல அந்த காலேஜ் பேர், அந்த படிப்பு, எத்தனை சீட்டு, மூணும் இருக்கான்னு பாருங்க. பிஎஸ்சின்னா தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு இருக்கான்னும் பாக்கணும். சில இடத்துல 40 சீட்டுக்கு அனுமதி வாங்கிட்டு அதுக்கு மேலயும் ஆள் சேப்பாங்க, மிச்ச பிள்ளைகளோட கதி பின்னாடிதான் தெரியும். வெளி மாநிலத்துல சேத்து விடுறேன்னு ஊருக்குள்ள ஏஜெண்ட் வர்றாங்களே, அங்கயும் இதே கேள்விதான், இதே லிஸ்ட்தான், அது கூட அந்த மாநில கவுன்சில்ல பதிவு பண்ணிட்டு இங்க மாத்திக்க முடியுமான்னும் சேத்துக் கேளுங்க.

இப்ப அந்த அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன். டிப்ளமோவா டிகிரியா.

முதல்ல ஒரு பயத்தை எடுத்துடணும். டிஜிஎன்எம் படிச்சாலும் பிஎஸ்சி படிச்சாலும் கவுன்சில்ல ஏர்றது ஒரே பதிவுதான், ஆர்என் ஆர்எம், அதாவது பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி. தமிழ்நாட்டுல அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், தேர்வு நடத்துறப்போ டிப்ளமோ படிச்சவங்களும் எழுதலாம், டிகிரி படிச்சவங்களும் எழுதலாம், வேலை ஒண்ணு, சம்பளம் ஒண்ணு. எங்க வார்டுல நைட் டியூட்டில என்கூட நிக்கிற பொண்ணு பிஎஸ்சி, நான் சேந்தப்போ வெறும் டிப்ளமோ. பேஷண்டுக்கு ரெண்டு பேரும் "சிஸ்டர்"தான்.

அப்ப வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு, மறைக்கக் கூடாது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நார்செட்னு ஒரு தேர்வு வைக்கிறாங்க, நர்சிங் ஆபீசர் வேலை, அடிப்படை சம்பளமே 44,900 ரூபாய்ல ஆரம்பிக்கும். பிஎஸ்சி முடிச்சு பதிவு பண்ண பிள்ளை நேரா அதை எழுதலாம். டிஜிஎன்எம்னா 50 பெட்டுக்கு குறையாத ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேலை பாத்த அனுபவம் காட்டணும். அதே மாதிரி எம்எஸ்சி படிக்கணும், நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்கணும், ஆராய்ச்சி பக்கம் போகணும்னா டிகிரி இல்லாம நடக்காது. வெளிநாட்டுல இங்கிலாந்து மாதிரி இடங்களுக்கு டிப்ளமோ நர்சுங்களும் பரீட்சை எழுதி போறாங்க, எனக்கு தெரிஞ்ச ரெண்டு பேர் அப்படி போயிருக்காங்க, ஆனா வளைகுடால பல விளம்பரத்துல பிஎஸ்சின்னு போட்டுத்தான் கேக்குறாங்க. அதனால டிகிரி பெரிய கதவுதான், சந்தேகமே இல்ல.

ஆனா அந்த கதவுக்கு ஒரே வழி பதினேழு வயசுல கடன் வாங்கிட்டு நுழையுறது மட்டும் இல்ல. டிஜிஎன்எம் முடிச்சு பதிவு பண்ணவங்க ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படிச்சா டிகிரி வந்துரும், நார்செட்டுக்கும் எம்எஸ்சிக்கும் அது செல்லும். நான் அப்படித்தான் படிச்சேன். மொத்தம் அஞ்சு வருஷம் ஆகுது, நாலு இல்ல, ஒரு வருஷம் அதிகம், அரசு காலேஜ்ல போஸ்ட் பேசிக் சீட்டும் கம்மிதான், அது உண்மை. ஆனா நடுவுல நான் சம்பாதிச்சேன், என் தங்கச்சி கல்யாணத்துக்கு என் பணம் போச்சு, ரெண்டாவது தடவை படிக்க போறப்போ என்ன படிக்கிறோம்னு புரிஞ்சு படிச்சேன். வார்டுல அஞ்சு வருஷம் நின்னுட்டு ஃபார்மகாலஜி புக்கை தொறந்தா ஒவ்வொரு மருந்து பேருக்கும் ஒரு பேஷண்ட் முகம் ஞாபகம் வரும்.

அந்த அப்பாகிட்ட ஒரு பேப்பர்ல கணக்கு போட்டு காட்டுனேன். நாலு வருஷத்துக்கு ஃபீஸ் மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம். ஹாஸ்டல், பஸ், புக்கு, "இதர" எல்லாம் சேத்தா ஆறு லட்சத்தைத் தொடும். எஜுகேஷன் லோன் 4 லட்சம் வாங்கி, அதை ஏழு வருஷத்துல கட்டுறதா வச்சாலும் மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் வரும், படிக்கிற காலத்து வட்டி வேற அதுல ஏறிக்கிட்டே இருக்கும். படிச்சு முடிச்ச புதுப் பொண்ணுக்கு எங்க பக்கத்து டவுன்ல பிரைவேட் ஆஸ்பத்திரில குடுக்குறது 12 ஆயிரம், நல்ல இடம்னா 15 ஆயிரம். சுப்ரீம் கோர்ட்டு 2016ல சொல்லி அதுக்கப்புறம் வந்த கமிட்டி, 50 பெட்டுக்கு குறைஞ்ச ஆஸ்பத்திரில கூட நர்சுக்கு 20 ஆயிரத்துக்கு குறையாம குடுக்கணும், 200 பெட்டுக்கு மேல இருந்தா அரசு சம்பளத்துக்கு சமமா குடுக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரை பண்ணி இத்தனை வருஷம் ஆச்சு, எங்க பக்கம் எந்த ஆஸ்பத்திரியும் அதைப் பாத்து சம்பளம் போட்டதா நான் கேள்விப்படல. ஆக 12 ஆயிரத்துல ஏழாயிரம் லோனுக்கு போனா அந்தப் பிள்ளை என்ன சாப்பிடும், ஹாஸ்டலுக்கு என்ன கட்டும். அந்த கடன் முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு நிக்கணும், டபுள் டியூட்டி பாக்க சொன்னாலும் பாக்கணும். பல பிள்ளைங்க இந்த வேலையை வெறுத்துப் போறது பேஷண்டால இல்ல, இந்த கணக்காலதான்.

அரசு நர்சிங் ஸ்கூல்ல டிஜிஎன்எம்னா ஃபீஸ் பேருக்குத்தான், எங்க காலத்துல மாசம் கொஞ்சம் ஸ்டைபண்டும் குடுத்தாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் பேங்க் அக்கவுண்டுக்கு வருது, அது டிகிரிக்கு மட்டும் இல்ல, டிப்ளமோ படிச்சாலும் உண்டு, இது நிறைய பேருக்கு தெரியல. எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், வருமான சான்றிதழை மே மாசத்துலயே வாங்கி வச்சிருங்க, ஜூலைல அலைஞ்சா தாலுகா ஆபீஸ்ல கூட்டம் தாங்காது.

ஆனா பணத்தை விட பெரிசா நான் நினைக்கிறது ஒண்ணு இருக்கு. அரசு ஸ்கூல்னா பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயே படிப்பு. நாங்க படிச்சப்போ கேஸ் புக்ல 20 பிரசவம் எழுதணும். எனக்கு லேபர் வார்டு போஸ்டிங் போட்ட ரெண்டாவது வாரத்துலயே பாதி முடிஞ்சிருச்சு, அவ்வளவு கூட்டம். ஒவ்வொண்ணும் நானே கைல வாங்குன குழந்தை. சில பிரைவேட் காலேஜ்ல இருந்து எங்க ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் வர்ற பிள்ளைகளைப் பாக்குறேன், ஒரு பேஷண்டை சுத்தி பன்னெண்டு பேர் நோட்டோட நிக்கும், பின்னாடி நிக்கிறவ எதைப் பாப்பா. கவுன்சில் விதிப்படி நர்சிங் காலேஜுக்கு சொந்தமா 100 பெட் ஆஸ்பத்திரி இருக்கணும், மூணு பேஷண்டுக்கு ஒரு மாணவிங்கிற அளவு இருக்கணும். அதனால பிரைவேட்ல சேக்குறதுன்னு முடிவு பண்ணவங்க கேம்பஸ்ல கட்டடத்தையும் ஏசி கிளாஸ் ரூமையும் பாத்துட்டு வராதீங்க, அவங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு சாயங்காலம் பேஷண்ட் மாதிரி போய் உக்காருங்க. பெட்டுல ஆள் இருக்கா, ஓபில கூட்டம் இருக்கா, பிரசவம் நடக்குதான்னு டீக்கடைல கேளுங்க. அங்க ஆள் இல்லன்னா உங்க பிள்ளை ரெக்கார்டுல எழுதப்போறது எல்லாம் பக்கத்துல இருக்குறவளைப் பாத்து எழுதுனதாத்தான் இருக்கும். அதே மாதிரி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கிட்டு, முடிச்சதும் எங்க ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேலை பாத்தாத்தான் தருவோம்னு சொல்ற இடங்களும் இருக்கு. சேரும்போதே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

இவ்வளவு சொல்றதால பிஎஸ்சி வேண்டாம்னு நான் சொல்றதா யாரும் நினைக்கக் கூடாது. அரசு நர்சிங் கல்லூரில பிஎஸ்சி சீட்டு கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு சேருங்க, டிப்ளமோவை யோசிக்கவே வேண்டாம். வேலூர் சிஎம்சி மாதிரி இடத்துல கிடைச்சாலும் அப்படித்தான், அங்க நர்சிங் டிகிரி 1946லயே ஆரம்பிச்சது, நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்ச இடங்கள்ல ஒண்ணு. நான் சொல்றது நடுவுல மாட்டிக்கிற குடும்பங்களுக்கு. கைல அரசு டிஜிஎன்எம் சீட்டு, எதிர்ல கடன் வாங்கி சேரவேண்டிய ஒரு சுமாரான பிரைவேட் பிஎஸ்சி, இந்த ரெண்டுல எதுன்னா, டிஜிஎன்எம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. வீட்டுல கடன் இல்லாம கட்ட வசதி இருக்கு, காலேஜும் நல்ல ஆஸ்பத்திரியோட இருக்குன்னா தாராளமா பிஎஸ்சி.

ஏஎன்எம் பத்தியும் ஒரு வார்த்தை. அது பொண்ணுங்களுக்கு மட்டும், ரெண்டு வருஷம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு போற வழி. கர்ப்பிணிகளை வீடு வீடா போய் பாக்குறது, தடுப்பூசி, குழந்தைக்கு எடை பாக்குறது. ஊருக்குள்ள அந்த அம்மாவுக்கு இருக்குற மரியாதை வேற யாருக்கும் இருக்காது. ஆனா ஆஸ்பத்திரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா நிக்கணும்னு ஆசை இருக்குற பிள்ளை "சீக்கிரம் முடியுது"ன்னு அதுல சேந்துட்டு பின்னாடி வருத்தப்படக் கூடாது.

இப்ப பத்தாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு. உங்களுக்குத்தான் இது ரொம்ப அவசரம், ஏன்னா பிளஸ் டூ பிள்ளைங்க வர்றப்போ பாதி முடிவு ஏற்கனவே நடந்து போயிருக்கும். பதினொண்ணாவதுல நீங்க எடுக்குற குரூப்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. பிஎஸ்சி நர்சிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் வேணும், குறைஞ்சது 45 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 40. சில அரசுப் பள்ளில தொழிற்கல்வில நர்சிங்னு ஒரு குரூப் இருக்கு. நர்ஸ் ஆகணும்னு ஆசைப்படுற பொண்ணு பேரைப் பாத்துட்டு நேரா அதுல போய் சேந்துருது. அதுல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு பிஎஸ்சி அப்ளிகேஷன் எடுக்குறப்போதான் உக்காந்து அழுகுது. டிப்ளமோல அந்த குரூப்புக்கு என்ன இடம் இருக்குன்னு அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ரெண்டு கதவும் தொறந்திருக்கணும்னா பயாலஜி குரூப்தான், பியூர் சயின்ஸ் எடுத்தாலும் சரி, மேத்ஸ் பயாலஜி எடுத்தாலும் சரி. "கணக்கு வராது, பிசிக்ஸ் கஷ்டம்"னு டீச்சரே ஆர்ட்ஸ் குரூப்புக்கு தள்ளி விடுறாங்க சில ஸ்கூல்ல. டீச்சர்மாருக்கு கையெடுத்து கேட்டுக்குறேன், அந்தப் பிள்ளை என்ன ஆகணும்னு நினைக்குதுன்னு ஒரு தடவை கேட்டுட்டு தள்ளுங்க.

தமிழ்நாட்டுல பிஎஸ்சி நர்சிங் அரசு ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான், கீழ்ப்பாக்கத்துல இருக்குற மருத்துவக் கல்வி தேர்வுக்குழு ஆன்லைன்ல அப்ளிகேஷன் வாங்கும். ஆனா பாண்டிச்சேரி ஜிப்மர்ல நர்சிங் சேரணும்னாலும், ராணுவ நர்சிங் சர்வீஸோட பிஎஸ்சில சேரணும்னாலும் நீட் மார்க் வேணும். ராணுவத்துல கல்யாணம் ஆகாத பெண்களுக்கு புனே ஏஎஃப்எம்சி (ராணுவ மருத்துவக் கல்லூரி) மாதிரி ஆறு காலேஜ்ல மொத்தம் 220 சீட்டு, முடிச்சா ஆபீசரா வேலை. டாக்டருக்கு படிக்க நீட் எழுதுன பிள்ளைங்க மார்க் பத்தலன்னு சோர்ந்து போய் இருக்குறப்போ இதை யாருமே சொல்றதில்ல. இன்னொரு முக்கியமான விஷயம், பிஎஸ்சிக்கு ஒரு அப்ளிகேஷன், டிப்ளமோ நர்சிங்குக்கு தனி அப்ளிகேஷன், தேதியும் வேற. ஒண்ணு போட்டா ரெண்டுக்கும் சேத்துன்னு நினைச்சு டிஜிஎன்எம்மை விட்ட பிள்ளை எங்க ஊர்லயே ரெண்டு பேர் இருக்காங்க. டிசம்பர் 31ஆம் தேதிக்குள்ள 17 வயசு முடியணும், அதையும் பாத்துக்கோங்க.

பசங்களும் இப்ப நிறைய கேக்குறாங்க, நல்ல விஷயம். அரசு டிஜிஎன்எம் பெண்களுக்கு மட்டும்தான், அதனால பசங்களுக்கு அரசு ஒதுக்கீட்டு பிஎஸ்சிதான் முதல் வழி, மார்க் நல்லா எடுக்கணும். எய்ம்ஸ்ல 80 சதவீதம் பெண்கள் 20 சதவீதம் ஆண்கள்னு 2019ல வச்சுட்டாங்க, அதனால பசங்களுக்கு போட்டி அதிகம், ஆனா ஐசியு, எமர்ஜென்சி, ஆம்புலன்ஸ் பக்கம் நல்ல பசங்களுக்கு எப்பவும் தேவை இருக்கு.

தமிழ் மீடியம் பிள்ளைங்க இங்கிலீஷுக்கு பயப்படுறாங்க, நியாயமான பயம்தான். நானும் தமிழ் மீடியம். முதல் மாசம் அனாடமி புக்கை தொறந்து வச்சுக்கிட்டு ஒரு பக்கத்துக்கு முப்பது வார்த்தைக்கு அடில பென்சிலால கோடு போட்டு வச்சேன், ஹாஸ்டல் கட்டில்ல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு அழுதேன். எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க தினம் பத்து வார்த்தை எழுதி வார்டுல அதைக் காட்டுவாங்க, "இதுதான் எடிமா, அமுக்கிப் பாரு குழி விழுதா"ன்னு ஒரு பாட்டி காலை அமுக்கிக் காட்டுனது இன்னும் ஞாபகம் இருக்கு. ஆறு மாசத்துல வந்துருச்சு. டிப்ளமோன்னா தமிழ்ல இருக்கும்னு நினைச்சு அதை எடுக்காதீங்க, ரெண்டுமே இங்கிலீஷ்தான்.

இன்னொண்ணு, இது பணமோ மார்க்கோ சம்பந்தப்பட்டது இல்ல. நர்சிங்ல சேர்றதுக்கு முன்னாடி உங்க பிள்ளையை ஒரு நாள் ராத்திரி ஏதாவது சொந்தக்காரங்க அட்மிட் ஆகியிருக்கும்போது ஆஸ்பத்திரில துணைக்கு இருக்க விடுங்க. நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது முதல் முதலா ஒரு தாத்தா என் டியூட்டில இறந்தாரு. ராத்திரி ரெண்டரை மணி. லாஸ்ட் ஆபீஸ்னு சொல்லுவோம், உடம்பைத் துடைச்சு, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணி மாத்தி குடும்பத்துக்கிட்ட குடுக்கணும். எனக்கு கை நடுங்குச்சு. இன்சார்ஜ் சிஸ்டர் வெந்நீர் கொண்டு வரச் சொன்னாங்க, நான் "இறந்தவருக்கு எதுக்கு சிஸ்டர் வெந்நீர்"னு கேட்டேன். "பச்சத் தண்ணில துடைச்சா உனக்கு மனசு வருமா"ன்னாங்க. துடைக்கும்போது அவர் பேரைச் சொல்லி "தாத்தா கையைத் தூக்குறேன்"னு சொல்லிச் சொல்லி துடைச்சாங்க. அன்னைக்குத்தான் நான் இந்த வேலைல இருப்பேன்னு எனக்கே தெரிஞ்சது. அதே ராத்திரிக்கு அப்புறம் என் பேட்ச்ல ஒரு பொண்ணு ஊருக்குப் போயிட்டா, திரும்பி வரல, அதுவும் தப்பில்ல, ஆனா கடன் வாங்கி சேந்த பிறகு அது தெரிஞ்சா எவ்வளவு கஷ்டம்.

அரசு வேலை உடனே கிடைச்சிரும்னு நான் சொல்ல மாட்டேன். 2015ல எம்ஆர்பி மூலமா எடுத்தவங்களை மாசம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்துல போட்டாங்க, 2017 நவம்பர்ல அவங்க சென்னைல மருத்துவத் துறை தலைமை ஆபீஸ் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடுனாங்க, பேப்பர்ல நீங்களே போட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் தொகை ஏறியிருக்கு, ஆனா நிரந்தரம் ஆகுறதுக்கு இன்னும் காத்திருக்குற பிள்ளைங்க எங்க வார்டுலயே இருக்காங்க. அதெல்லாம் தெரிஞ்சுதான் நான் கடன் வாங்காதீங்கன்னு சொல்றேன். காத்திருக்குற காலத்துல கழுத்துல கடன் இல்லாம இருந்தாத்தான் ஒரு பொண்ணு நிமிர்ந்து நிக்க முடியும்.

அந்த பக்கத்து தெரு பொண்ணு டிஜிஎன்எம்ல சேந்துருச்சு. முதல் லீவுல வந்தப்போ பிபி பாக்குறேன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் கைல கட்டிப் பாத்துச்சு, அவங்க அப்பாவுக்கு பிரஷர் அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சு அதுவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டு வந்துச்சு.

கடைசியா ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள், கோபமா எடுத்துக்காதீங்க. ரிசல்ட் வர்ற வாரத்துல உங்க பேப்பர்ல கல்வி வழிகாட்டி பக்கம் நல்லா போடுறீங்க, நானும் வெட்டி வச்சு பிள்ளைகளுக்கு குடுக்குறேன். ஆனா அதே வாரத்துல வரி விளம்பரத்துல "ஓராண்டு நர்சிங், உடனடி வேலை"ன்னும் வருது. அந்த விளம்பரத்தை வாங்குறதுக்கு முன்னாடி கவுன்சில் அங்கீகார நம்பர் கேளுங்க, இல்லன்னா போடாதீங்க. அதோட ஒரு சின்ன கட்டம் கட்டி, எந்த மூணு படிப்புக்கு மட்டும் பதிவு கிடைக்கும், அங்கீகார லிஸ்ட் எங்க பாக்கணும்னு வருஷா வருஷம் மே மாசம் போடுங்க. நான் மேல சொன்னேனே, அந்த வென்ஃப்ளான் போடுற பொண்ணு, அவ தங்கச்சி இந்த வருஷம் பத்தாவது எழுதுறா. அவங்க வீட்டுக்கு எதிர்ல இருக்குற டீக்கடைல உங்க பேப்பர்தான் வாங்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
விருதுநகர் மாவட்டம்.